வித்ட்ராவல் 9 நாளாகப் பென்டிங், ஓடிபி வருவதில்லை, ஆட்டம் பாதியில் கட் ஆகிறது – போன் பிரச்சினையா?

சிங்கர்மெஷின்:

வணக்கம் அண்ணன்மாரே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், நேரில் யாரிடமும் கேட்க முடியாத சமாச்சாரம் என்பதால் இங்கே கொட்டுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர், பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். மூன்று வருடமாகப் போனில் ரம்மி ஆடுவேன். பெரிய ஆட்டம் எல்லாம் இல்லை, பாயின்ட் ஐம்பது காசு, மிஞ்சினால் ஒரு ரூபாய். 2025 ஆகஸ்டில் டெல்லியில் சட்டம் வந்ததும் நான் ஆடிய ஆப் காசு ஆட்டத்தை நிறுத்திவிட்டது. உள்ளே கிடந்த 640 ரூபாயும் மூன்றே நாளில் அக்கவுன்டுக்கு வந்துவிட்டது. அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். டெலிகிராமில் ஒரு குரூப்பில் 'இங்கே இன்னும் ஓடுகிறது' என்று லிங்க் போட்டார்கள். பிளே ஸ்டோரில் கிடையாது, ஏபிகே ஃபைலாக (ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஏற்றும் ஆப் ஃபைல்) இறக்கி ஏற்றிக்கொண்டேன். ரம்மி தவிர சிவப்பா பச்சையா என்று சொல்லும் ஆட்டமும், விமானம் ஏறி ஏறி வெடிக்கும் ஆட்டமும் அதில் இருக்கின்றன.

முதல் வாரம் 3,000 ஜெயித்தேன், பத்து நிமிடத்தில் அக்கவுன்டுக்கு வந்தது. அதில்தான் நம்பிக்கை வந்தது. இப்போது 18,400 ரூபாய் வித்ட்ரா போட்டு ஒன்பது நாள் ஆகிறது, 'பென்டிங்' என்றே நிற்கிறது. கஸ்டமர் கேர் டெலிகிராமில்தான். வரி 30 சதவீதம், 5,520 ரூபாயை முதலில் கட்டினால் மொத்தப் பணமும் ரிலீஸ் ஆகும் என்கிறார்கள். கட்டலாமா?

இன்னொன்று, போன வாரம் 2,000 டெபாசிட் போட்டேன், பேங்கில் கட் ஆகிவிட்டது, ஆப்பில் ஏறவே இல்லை. ஆட்டமும் நல்ல கை வரும்போது சரியாக 'ரீகனெக்டிங்' என்று சுற்றுகிறது, திரை கருப்பாகிவிடுகிறது. போன் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுகிறது. ஒரு வாரமாக பேங்க் ஓடிபி எதுவும் வருவதில்லை. நேற்று ஏடிஎம் போனால் பேலன்ஸ் ஒன்று காட்டுகிறது, எடுக்க முடிவது அதைவிட 3,000 குறைவாக இருக்கிறது.

போன் பழசு, மூன்று ஜிபி ராம். புதுப் போன் வாங்கினால் இதெல்லாம் சரியாகிவிடுமா?

—

ஸ்க்ரூடிரைவர்:

தம்பி, பதில் முழுக்கப் படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். போனில் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். வீட்டில் வேறு போன் இருந்தால் அதிலிருந்து பேங்கின் நம்பருக்குக் கூப்பிட்டு (பாஸ்புக்கிலோ ஏடிஎம் கார்டின் பின்பக்கமோ இருக்கும் நம்பர், கூகுளில் தேடி எடுத்தது வேண்டாம்) யுபிஐயையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் பதினெட்டு வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஓடிபி வராமல் போவதும் போன் சுடுவதும் ஏபிகே ஏற்றிய பிறகு தொடங்கியிருந்தால் ராமைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்த ஆப்பை ஏற்றும்போது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கும், 'ஆட்டம் சீராக ஓட இதை ஆன் செய்யவும்' என்று ஆக்சஸிபிலிட்டியையும் கேட்டிருக்கும், எல்லோரும் ஓகே ஓகே என்று தட்டிக்கொண்டே போவதுதான் வழக்கம். ஆக்சஸிபிலிட்டி என்பது பார்வை குறைந்தவர்களுக்காகச் செய்த வசதி, அதைக் கொடுத்தால் திரையில் இருப்பதை எல்லாம் அந்த ஆப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகத் தானே தட்டவும் செய்யும். ஓடிபி வராமல் இல்லை, வருகிறது, உங்கள் கண்ணுக்கு முன்னால் அது படித்து அழித்துவிடுகிறது என்பதுதான் என் சந்தேகம்.

செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் போய் அந்த ஆப்பின் பெயரோ, சம்பந்தமே இல்லாத பெயரில் ஏதாவதோ ஆன் ஆகி இருக்கிறதா பாருங்கள். டிவைஸ் அட்மின் ஆப்ஸ் என்ற இடத்திலும் பாருங்கள், அங்கே டிக் இருந்தால் அதை எடுக்காமல் அன்இன்ஸ்டால் ஆகாது. எஸ்எம்எஸ்ஸுக்கு டீஃபால்ட் ஆப் எது என்றும் பாருங்கள். அப்புறம் டயல் பேடில் *#21# அடித்தால் உங்கள் கால்கள் வேறு நம்பருக்குத் திரும்புகின்றனவா என்று காட்டும். திரும்பினால் ##002# அடியுங்கள், எல்லா ஃபார்வர்டும் ரத்தாகும்.

ஆட்டம் கட் ஆவதற்கு உண்மையான போன் காரணங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு சிம் போட்ட பெரும்பாலான போன்களில் ஒரு சிம்மில் கால் பேசும்போது மற்றதன் டேட்டா நின்றுவிடும். வோல்ட்இ (4ஜியிலேயே கால் பேசும் வசதி) அணைந்திருந்தால் கால் வந்ததும் போன் 4ஜியை விட்டுக் கீழே இறங்கும். பேட்டரி சேவர் பின்னணியில் இருக்கும் ஆப்பைக் கொன்றுவிடும், நீங்கள் வாட்ஸ்அப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டம் முதலிலிருந்து லோட் ஆகும். கருப்புத் திரை வந்தால் வெப்வியூ என்று ஒன்று (ஆப்புக்குள் வலைப்பக்கம் காட்டும் சிஸ்டம் ஆப்) இருக்கிறது, அதை அப்டேட் செய்தால் சரியாகும். முன்னே சட்டப்படி ஓடிய ரம்மி ஆப்புக்கு இந்த வைத்தியம் எல்லாம் பலித்தது, கடைக்கு அதற்காகவே ஆள் வருவார்கள். இப்போது நீங்கள் வைத்திருப்பது அந்த ஜாதி இல்லை.

புதுப் போன் வேண்டாம். ஃபேக்டரி ரீசெட் போதும். ஆனால் ரீசெட்டுக்கு முன்னால் ஆப்பின் பெயர், லிங்க், டெலிகிராம் பேச்சு, யுபிஐ ஐடிகள் எல்லாவற்றையும் வேறு போனால் படம் பிடித்து வையுங்கள். பிறகு தேவைப்படும்.

—

டிராப்நாற்பது:

5,520 கட்டாதே ப்ரோ. கட்டினால் அடுத்தது 'வெரிஃபிகேஷன் ஃபீஸ்' வரும், அதற்கு அடுத்தது 'அக்கவுன்ட் அன்ஃப்ரீஸ்' வரும். நான் மூன்றாவது வரைக்கும் போனவன்.

வரி விஷயம் அரை உண்மை, அதனால்தான் ஏமாறுகிறோம். 2023 ஏப்ரல் 1 முதல் ஆன்லைன் ஆட்டத்தில் நிகரமாக ஜெயித்த பணத்தில் 30 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) என்பது நிஜம். ஆனால் அதைக் கம்பெனிதான் உன் பணத்திலிருந்தே கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்ப வேண்டும், கழித்தது உன் பான் நம்பரில் 26ஏஎஸ் என்ற வருமான வரி அறிக்கையில் தெரியும். பழைய ஆப்பில் நானும் பார்த்திருக்கிறேன். உன்னிடம் 18,400 வைத்திருக்கிறவன் அதிலேயே 5,520 எடுத்துக்கொண்டு 12,880 அனுப்பலாமே? ஏன் வெளியிலிருந்து கேட்கிறான்? ஏனென்றால் அந்த 18,400 திரையில் எழுதிய எண், அவ்வளவுதான். காசு என்று அங்கே இருந்தது நீ போட்டது மட்டும்தான்.

'நல்ல கை வரும்போது ரீகனெக்டிங்' என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் கதை நல்ல ஆப்பில் நடந்தது, 2021இல். கனெக்‌ஷன் போனால் ஆட்டோவில் ஆடும், சில டர்ன் போனதும் டிராப் செய்துவிடும், அதாவது ஆட்டத்திலிருந்து விலக்கிவிடும், முதல் டிராப் 20 பாயின்ட் நஷ்டம், நடுவில் டிராப் 40, தோற்றால் 80 வரைக்கும். என் பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஒவ்வொரு நாற்பதுக்கும் நெட்வொர்க்கைத் திட்டினேன். இரண்டு சிம் மாற்றினேன், பிராட்பேண்ட் போட்டேன், கேமிங் போன் என்று 22,000க்கு ஈஎம்ஐயில் வாங்கினேன். கனெக்‌ஷன் சரியாகிவிட்டது. தோற்பது மட்டும் அப்படியே இருந்தது! அதற்குப் பிறகுதான் வீட்டில் நகை அடகுக்குப் போனது, சீட்டுப் பணம் போனது. ஈஎம்ஐ கட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், தோற்பதற்காகவே வேகமான போன் வாங்கியவன் நான் ஒருத்தன்தான் என்று. இல்லை போலிருக்கிறது, நீயும் புதுப் போன் விலை கேட்கிறாய்.

ஒன்று கவனித்தாயா, டெபாசிட் எப்போதாவது ஒன்பது நாள் பென்டிங்கில் நின்றிருக்கிறதா?

—

லக்கி_ரிட்டர்ன்ஸ்:

நண்பரே எனக்கும் இதே போல் 85 ஆயிரம் போனது. ஒரு எத்திக்கல் ஹேக்கர் சார் இரண்டே நாளில் முழுப் பணமும் மீட்டுக் கொடுத்தார். இன்பாக்ஸ் வாருங்கள் நம்பர் தருகிறேன்.

—

ஸ்க்ரூடிரைவர்:

மேலே உள்ளவர் இன்று காலையில்தான் கணக்கு தொடங்கியிருக்கிறார், இதே வரியை இன்னும் நான்கு திரியில் ஒட்டியிருக்கிறார். ரிப்போர்ட் அடித்துவிட்டேன். தம்பி, இன்பாக்ஸ் போகாதீர்கள். இழந்தவர்களைத் தேடித்தான் இவர்கள் வருவார்கள், முதலில் 'சாஃப்ட்வேர் சார்ஜ்' கேட்பார்கள்.

—

பழையகவுன்ட்டர்:

முப்பத்தொரு வருடம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். போனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பணம் போன வழி மட்டும் சொல்கிறேன்.

அந்த 2,000 ரூபாய். உங்கள் யுபிஐ ஹிஸ்டரியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பாருங்கள். 'ஃபெயில்ட்' என்றோ 'பென்டிங்' என்றோ இருந்து கணக்கில் மட்டும் கழிந்திருந்தால் அது தானே திரும்ப வர வேண்டும். கடைக்குச் செலுத்தியதாக இருந்தால் பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாள், தனி நபருக்கு என்றால் ஒரு நாள், அதற்கு மேல் தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் 'சக்ஸஸ்' என்று இருந்து 12 இலக்க எண்ணும் இருந்தால், பணம் எதிர்ப்பக்கக் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று பொருள். ஆப்பில் ஏறாததற்கு வங்கி பொறுப்பில்லை, தானாகத் திரும்பாது.

அதே திரையில் பணம் பெற்றவர் பெயர் ஒன்று இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் வேறு வேறு பெயராக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது முக்கியமானது. எடுக்க முடியாமல் நிற்கும் அந்த 3,000 நீங்கள் முதல் வாரம் ஜெயித்த 3,000 தான் என்பது உங்களுக்குத் தோன்றவில்லையா? அந்தப் பணம் ஏதாவது கம்பெனி பெயரில் வந்திருக்காது. ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவர் கணக்கிலிருந்து வந்திருக்கும். இந்த மாதிரி ஆட்டக்காரர்கள் பணத்தை நேரே வாங்கி நேரே கொடுப்பதில்லை, கமிஷனுக்கு வாடகை எடுத்த கணக்குகள் வழியாகச் சுற்ற விடுகிறார்கள். எங்கோ ஒருவர் ஏமாந்து 1930க்கு (சைபர் மோசடிப் புகார் எண்) அழைத்துப் புகார் கொடுத்திருப்பார். போலீஸ் அந்தப் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும்போது ஒரு கிளை உங்கள் கணக்கில் வந்து முடிந்திருக்கும். வங்கி அந்தத் தொகைக்கு லியன் போட்டுவிட்டது, அதாவது எடுக்க முடியாதபடி பிடித்து வைத்துவிட்டது. உங்கள் நல்ல நேரம், 3,000 மட்டும் பிடித்திருக்கிறார்கள். கணக்கையே முடக்கினதையும் பார்த்திருக்கிறேன், கறிக்கடைக்காரர் ஒருவர் 400 ரூபாய்க்காக இரண்டு மாதம் அலைந்தார்.

கிளைக்கு நேரில் போங்கள். லியன் எதனால் என்று எழுத்தில் கேளுங்கள். புகாரின் அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், அவர்கள் மின்னஞ்சல், இவ்வளவும் வங்கி தர முடியும். கவுன்ட்டரில் இருப்பவர் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொன்னால் மேனேஜரைப் பாருங்கள். நான் கவுன்ட்டரில் இருந்தபோது நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், கூட்டமாக இருந்தால் வாயில் வருவது அதுதான்.

அடுத்த சனிக்கிழமைச் சம்பளம் அந்தக் கணக்கில் விழுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

—

சிங்கர்மெஷின்:

அண்ணா, சார், எல்லோருக்கும் நன்றி. பேங்கில் சொல்லி யுபிஐ நிறுத்திவிட்டேன், தங்கச்சி போனிலிருந்து எழுதுகிறேன்.

ஸ்க்ரூடிரைவர் அண்ணா சொன்னது அப்படியே. ஆக்சஸிபிலிட்டியில் 'சிஸ்டம் சர்வீஸ்' என்று ஒன்று ஆன் ஆகி இருந்தது, உள்ளே போனால் அந்த ஆப்பின் படம்தான். *#21# அடித்தேன், ஃபார்வர்ட் இல்லை. டிவைஸ் அட்மினிலும் டிக் இருந்தது.

யுபிஐ பெயர்களை எழுதி வைத்தேன். பதினாறு டெபாசிட், பதினான்கு பெயர். ஒன்று பூக்கடை, ஒன்று டிராவல்ஸ், மீதி ஆட்கள் பெயர், வடநாட்டுப் பெயர்கள் அதிகம். 2,000 'சக்ஸஸ்' என்றுதான் இருக்கிறது. அந்த 3,000 ஒரு அம்மா பெயரிலிருந்து வந்திருக்கிறது. அதை எடுத்துத்தான் பையனுக்கு ஸ்கூல் பேக் வாங்கினேன். யாரோ ஏமாந்த காசு என்று நினைக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

மொத்தம் போட்டது 31,750. இதுவரை கூட்டிப் பார்த்ததே இல்லை.

ஒரு பயம். புகார் கொடுக்கப் போனால், நீ ஏன் சூதாடினாய் என்று என்னையே பிடித்து வைத்துக்கொள்வார்களா?

—

வாய்தா:

கோர்ட் வாசலில் பிழைப்பவன், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு சட்டம் இருக்கிறது.

ஒன்று, நம் மாநிலத்தின் 2022ஆம் வருடச் சட்டம், 2023 ஏப்ரலில்தான் ஆளுநர் ஒப்புதல் வந்தது. அதில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடையில் சேர்த்தது செல்லாது, அவை திறமை ஆட்டம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொல்லிவிட்டது. கலர் ஆட்டம், விமான ஆட்டம் எல்லாம் அந்தச் சலுகைக்குள் வராது.

இரண்டாவது, 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம். திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடுவது எதுவானாலும் நடத்தக்கூடாது என்கிறது. நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம், விளம்பரம் செய்தால் இரண்டு வருடம், 50 லட்சம். ஆடுகிறவருக்கு இதில் தண்டனை கிடையாது. நடத்துகிறவனைப் பிடிக்கத்தான் வந்த சட்டம்.

நடைமுறையில் என்ன? போனில் ஏபிகே வழியாகக் கணக்கைப் பிடித்தார்கள், வரி என்று சொல்லிப் பணம் கேட்டார்கள் என்று ஆதாரத்தோடு போகிறவரை ஏமாந்தவர் என்றுதான் பார்ப்பார்கள், என் அனுபவத்தில். ஆனால் ரம்மி ஆடவே இல்லை, யாரோ என் போனை எடுத்தார்கள் என்று கதை கட்டாதீர்கள், பதினாறு டெபாசிட் பேசும். 1930க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள், அல்லது தேசிய சைபர் கிரைம் புகார் தளத்தில் போடுங்கள். பயமாக இருந்தால் முதலில் 15100க்கு அழையுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண், தகுதி இருந்தால் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். லியன் போட்ட காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பும் முன் அந்தக் கடிதத்தை ஒரு வக்கீல் படித்துவிடட்டும்.

31,750 திரும்ப வருமா என்றால், முழுதாக வந்ததை நான் பார்த்ததில்லை. கடைசியாகப் போட்ட 2,000 இன்னும் அந்தக் கணக்கில் கிடந்தால் பிடிக்க வாய்ப்பு உண்டு, அதற்கும் ஒரு வாரம் என்பது நீளம். இன்றே போங்கள்.

—

டிராப்நாற்பது:

ப்ரோ, ரீசெட் செய்த பிறகு போன் காலியாக இருக்கும், கை சும்மா இருக்காது. எனக்கு இரவு பதினொரு மணிதான் மோசம். யுபிஐயைத் திரும்ப வாங்கும்போது ஒரு நாள் லிமிட்டை 500 அல்லது 1,000 என்று குறைக்க முடியுமா என்று பேங்கில் கேள், ஏடிஎம் கார்டில் ஆன்லைன் பயன்பாட்டை ஆஃப் செய்துவிடு. நான் எட்டு மாதம் பட்டன் போன்தான் வைத்திருந்தேன், கம்பெனியில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். தூக்கம் வராமல் மனசு எங்கோ போனால் 14416க்கு அடி, அரசாங்கத்தின் மனநல லைன், இலவசம், தமிழில் பேசுவார்கள். ஒரு ராத்திரி நானே அடித்தேன். அறிவுரை சொல்வார்கள் என்று எரிச்சலோடுதான் அடித்தேன், அந்தப் பெண் எவ்வளவு கடன் என்று கூடக் கேட்கவில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

—

சிங்கர்மெஷின்:

பேங்க் போய் வந்தேன். சார் சொன்னது போலவே முதல் ஆள் தெரியாது என்றார், மேனேஜரிடம் போனதும் நம்பர் எடுத்துக் கொடுத்தார். புகார் வேறு மாநிலத்தில். 1930லும் பதிந்தாயிற்று, நம்பர் மெசேஜ் தங்கச்சி போனுக்கு வந்தது. ஏன் என் நம்பரைக் கொடுத்தாய், என்ன புகார் என்று கேட்டாள். அவளிடம் முழுதாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும்.

டெலிகிராமில் அந்தக் கஸ்டமர் கேர் இன்று காலை மறுபடி மெசேஜ் போட்டிருக்கிறான். வரி 5,520 வேண்டாம், தீபாவளி ஆஃபர், 2,760 கட்டினால் போதும் என்று.

ஸ்க்ரூடிரைவர் அண்ணா, ரீசெட்டுக்கு முன் பையன் போட்டோ எல்லாம் மெமரி கார்டில் ஏற்றினால் அதிலும் அந்தச் சனியன் ஒட்டிக்கொண்டு வருமா?

—

ஸ்க்ரூடிரைவர்:

போட்டோ மட்டும் எடுங்கள், வராது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் தொடாதீர்கள், அந்த ஏபிகே அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ரீசெட் ஆனதும் கூகுள் பழைய ஆப் எல்லாம் திரும்ப ஏற்றவா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லி ஒவ்வொன்றாகப் பிளே ஸ்டோரிலிருந்து எடுங்கள். ஜிமெயில் பாஸ்வேர்டைத் தங்கச்சி போனிலிருந்து மாற்றுங்கள், யுபிஐ பின்னை ரீசெட் முடிந்த பிறகு மாற்றுங்கள், அதற்கு முன் இல்லை.